யாரு சார் இந்த வேலையைப் பார்த்தது?

பிளம்பர் என்ற சொல்லைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள், உள்ளே ஈயம் தெரியும். லத்தீனில் ஈயத்துக்கு ‘ப்ளம்பம்’ என்று பெயர். அதைக் குழாயாக உருட்டி ரோமாபுரிக்குத் தண்ணீர் கொடுத்த ஆசாமி ‘ப்ளம்பாரியஸ்’. சும்மா கொடுத்தாரா? குழாய் மேலேயே பெயர் பொறித்தார்கள். சக்கரவர்த்தி பெயர், வீட்டுக்காரர் பெயர், சில சமயம் குழாய் செய்தவர் பெயரும். மண்ணில் புதைக்கப்போகிற குழாய்க்கு! கோயில் டியூப்லைட்டில் ‘உபயம்’ எழுதும் நம்மவர்களாவது வெளிச்சத்தில் எழுதினார்கள்.

அப்போது விட்ருவியஸ் என்று ஓர் ஆர்க்கிடெக்ட் இருந்தார். கட்டடக் கலை பற்றிப் பத்துப் புத்தகம் எழுதி, அகஸ்டஸ் சீசருக்குச் சமர்ப்பித்தவர். எட்டாவது புத்தகத்தில், “ஈயம் வேண்டாம், சுட்ட மண் குழாய் போடுங்கள்” என்றார். உடைந்தால் யார் வேண்டுமானாலும் சரிசெய்யலாம், உடம்புக்கும் நல்லது, சந்தேகமிருந்தால் ஈயத் தொழிலாளியின் வெளுத்த முகத்தைப் பாருங்கள் என்றார். ரோம் என்ன செய்தது? புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஈயக் குழாயே போட்டது.

‘யார் வேண்டுமானாலும்.’ இரண்டாயிரம் வருஷமாக பிளம்பர் வயிற்றில் புளியைக் கரைக்கிற வார்த்தை இதுதான்.

ஏனென்றால் ஈயக் குழாயை இணைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. உருகிய பற்றாசை ஊற்றி, அது இறுகுவதற்குள் கொழுப்புத் தடவிய துணியால் வழித்து வழித்து, முட்டை மாதிரி வழவழப்பாகக் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஜாயின்ட் போச்சு. இன்னும் கொஞ்சம் அசந்தால் கை போச்சு. வருஷக்கணக்கில் எடுபிடியாக இருந்து கற்ற வித்தை. சிற்பம் போலச் செய்து முடித்து, ரசித்துவிட்டு, சுவர் வைத்து மூடிவிடுவார்கள்!

அப்புறம் இரும்பு வந்தது, தாமிரம் வந்தது. ஊர்கள் ஒவ்வொன்றாக ஈயத்தைக் கைவிட்டன. சிகாகோ மட்டும் அசையவில்லை. தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய் ஈயத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே வைத்திருந்தது. ‘இருக்கலாம்’ இல்லை சார், ‘இருக்க வேண்டும்’! 1986-ல் அமெரிக்கக் காங்கிரஸ் தடை போடும்வரை இந்தக் கூத்து. பிளம்பர் சங்கத்தின் செல்வாக்கு என்று ஊரே சொல்லும். அதன் பலன், சுமார் 4 லட்சம் ஈய இணைப்புகள், நாட்டிலேயே முதலிடம். இப்போது அத்தனையையும் தோண்டி மாற்ற வேண்டும். யாரைக் கூப்பிடுவது? வேறு யாரை!

2006-ல் பிலடெல்பியாவில் இதைவிடப் பிரமாதம். காம்காஸ்ட் சென்டர் என்ற கோபுரத்தில் தண்ணீரே தேவைப்படாத 116 யூரினல்கள் வைக்கத் திட்டம். பிளம்பர் சங்கம் கொதித்தது. தண்ணீர் இல்லையென்றால் குழாய்க்கு வேலை ஏது? கடைசியில் சமரசம்: யூரினல் தண்ணீர் இல்லாமலே இருக்கட்டும், ஆனால் தண்ணீர்க் குழாயும் போட்டு வைப்போம். குழாய் இருந்தும் தண்ணீர் வராதது நமக்குப் புதிதில்லை. அதை பிளான் போட்டுச் செய்தவர்கள் அவர்கள்தான்.

இத்தனை பயமும் தேவையா என்றால், இல்லை. பாலிபியூட்டிலின் கதையைக் கேளுங்கள். 1970-களின் கடைசியில் வந்த சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாய். மலிவு, வளையும், மாட்டுவது சுலபம். தண்ணீரில் கலக்கும் குளோரின் குழாயையும் அதன் பிளாஸ்டிக் ஃபிட்டிங்கையும் உள்ளிருந்தே அரித்தது. வீடு வீடாக ஒழுகி, 1995-ல் சுமார் 95 கோடி டாலருக்கு வழக்கு சமரசமானது. சுலபக் குழாயைப் பிடுங்கிவிட்டு வேறு போட வந்தவர், கஷ்டப்பட்டுத் தொழில் கற்ற அதே பிளம்பர்.

இப்போது புஷ்-ஃபிட் காலம். ‘ஷார்க்பைட்’ என்றே ஒரு பிராண்ட், பெயரே சுறாக்கடி! நெருப்பு வேண்டாம், பசை வேண்டாம். குழாயைச் செருகினால் உள்ளே இருக்கும் ஸ்டீல் பற்கள் கவ்விக்கொள்ளும், ரப்பர் வளையம் தண்ணீரை அடைக்கும். வேலை முடிந்தது. அதாவது, குழாயை நேராக வெட்டியிருந்தால். விளிம்பில் பிசிறு நீக்கியிருந்தால். முழு ஆழத்துக்குச் செருகியிருந்தால். இந்த மூன்று ‘இருந்தால்’களும் யூட்யூப் பார்த்து ஸ்பானர் எடுத்த ஞாயிற்றுக்கிழமை வீரரின் காதில் விழுவதில்லை. திங்கட்கிழமை சமையலறையில் குற்றாலம்.

பிளம்பர் வருவார். குனிந்து பார்ப்பார். உலகத்து பிளம்பர்கள் அத்தனை பேருக்கும் பொதுவான அந்த முதல் கேள்வியைக் கேட்பார்: “யாரு சார் இந்த வேலையைப் பார்த்தது?”

ரோமில் இதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. குழாயைத் திருப்பினால் பெயர் இருக்கும். நம் வீரரோ தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார்:

“முன்னாடி குடியிருந்தவங்க.”