நாலு கோட்டு நாடோடி

ட்ரெய்லரைப் பிக்கப் வண்டியிலிருந்து கழற்றுவதற்கு முன்பே அவர் கை சட்டைப் பையில் இருக்கும் போனுக்குப் போய்விடும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தாகவில்லை, தண்ணீர்க் குழாய் மாட்டியாகவில்லை, நாலு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து வந்த மனைவி இன்னும் காலை நீட்டவில்லை. அதற்குள் ஸ்பீடு டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும். அரிசோனா பாலைவனத்தின் மேற்கு வானம் முழுக்கச் சிவந்து கிடக்க, அவர் பார்ப்பது போனுக்குள் ஏறி இறங்கும் முள்ளைத்தான். "நாற்பத்தேழு" என்பார். யாரும் கேட்கவில்லை. பத்தடி தள்ளிப் போய் மறுபடி அமுக்குவார். "ஐம்பத்திரண்டு!" ஏணி வைத்துக் கூரைமேல் ஏறுவார். அங்கே முப்பத்தொன்பது என்று வந்துவிட்டால் இறங்கும்போது முகத்தைப் பார்க்க முடியாது. அமெரிக்காவில் வீட்டை விற்றுவிட்டு ட்ரெய்லரையே வீடாக்கி ஊர் ஊராகப் போகிறவர்கள் கூடும் முகாம் எதுவானாலும் இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். நம் ஊரில் மொட்டை மாடி மூலையில் நின்று "டவர் கிடைச்சிடுச்சு" என்று கத்துகிறவருக்குப் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவருக்குப் பென்ஷனும் ஏணியும் கூடுதல்.

இவர் இணையத்துக்கு ஆசைப்படுவதில் குற்றமில்லை. இந்தக் காலத்தில் யார்தான் ஆசைப்படவில்லை? அதை அளந்துகொண்டே இருக்கிறாரே, அங்கேதான் தகராறு. அளப்பதற்குச் செலவில்லை என்று நினைக்கிறார். ஸ்பீடு டெஸ்ட் என்பது குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, குடத்தைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பது. இணைப்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவையும் சில விநாடிகள் இறைத்துப் பார்த்துத்தான் அது எண்ணைச் சொல்கிறது. 100 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பத்து விநாடி இறைத்தால், எட்டு மெகாபிட் ஒரு எம்பி என்ற கணக்கில் 125 எம்பி போச்சு. நாளைக்குப் பத்துத் தடவை என்று குறைவாகவே கணக்கு வைத்தாலும் மாதத்துக்கு 37.5 ஜிபி. ஹாட்ஸ்பாட்டுக்கு மாதம் 50 ஜிபி என்றால் அதில் முக்கால் பங்கு, இணையம் இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே தீர்ந்துபோகிறது. மிச்சம் இருப்பதில் மனைவி ஒரு தொடர் பார்ப்பார், பேரன் வந்தால் விளையாடுவான். இருபதாம் தேதி வாக்கில் செல்போன் கம்பெனி வேகத்தை வெட்டிவிடும். "அன்லிமிடெட்" என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்து, ஹாட்ஸ்பாட்டின் அளவைப் பொடி எழுத்தில் போட்ட அதே கம்பெனிதான். இந்த விஷயத்தில் அவர் வைகிற வசவு அத்தனையும் நியாயம். ஆனால் வைது முடித்ததும் என்ன செய்கிறார்? எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க இன்னொரு டெஸ்ட். 0.6 எம்பிபிஎஸ். அந்த வேகத்தில் ஒரு டெஸ்டுக்கு முக்கால் எம்பிதான் ஆகும். மாதத்தில் அவர் சிக்கனமாக இருப்பது அந்தப் பத்து நாள் மட்டுமே.

ஓர் அளவு பழகிவிட்டால் அடுத்த அளவுக்குத் தாவிவிடுவார். போனில் தெரியும் கோடுகளை இப்போதெல்லாம் அவர் நம்புவதில்லை. அதில் நியாயமும் உண்டு: எந்த சிக்னலுக்கு எத்தனை கோடு காட்டுவது என்பது அந்தந்தப் போன் கம்பெனியின் இஷ்டம். ஆகவே டெசிபல் கணக்குக்கு வந்துவிட்டார். மைனஸ் 70 என்றால் ராஜபோகம், மைனஸ் 110 என்றால் இழுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையே சக்தியில் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். இந்தக் கணக்கை அறிந்தவர் சும்மா இருப்பாரா? சிக்னல் பூஸ்டர் வாங்குகிறார். மைனஸ் 108 மைனஸ் 80 ஆகிறது. வேகமோ பல சமயம் முன்பைவிடக் குறைகிறது. இன்றைய போன் தனக்குள் இருக்கும் பல ஆன்டெனாக்களால் ஒரே நேரத்தில் பல ஓடைகளாகத் தரவை வாங்குகிறது. சாதாரண பூஸ்டர் எல்லாவற்றையும் ஒரே ஆன்டெனா வழியாக உள்ளே அனுப்புகிறது. நாலு வழிச் சாலையை ஒற்றையடிப் பாதையாக்கி விளக்கு மட்டும் பிரகாசமாகப் போட்ட கதை. ஏர்ஸ்ட்ரீம் என்ற கம்பெனியின் ட்ரெய்லர் வைத்திருப்பவர் பாடு இன்னும் மோசம். 1936-இல் கிளிப்பர் மாடல் வந்த நாளாக அதற்கு அழகே பளபளக்கும் அலுமினிய உடம்புதான். ரேடியோ அலை அந்த அலுமினியத்தில் பட்டுத் திரும்பிப் போய்விடும். இத்தனைக்கும் பிறகு 2022 மே மாதம் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவை ட்ரெய்லர்காரர்களுக்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது. பழைய செயற்கைக்கோள் இணையம் 35,786 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்த் திரும்பியது. பேச்சுக்குப் பதில் வர அரை விநாடிக்கு மேலாகும். ஸ்டார்லிங்குக்கோ சுமார் 550 கிலோமீட்டர்தான். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால், அதன் ஆன்டெனாத் தட்டுக்கு வானம் மறைவில்லாமல் தெரிய வேண்டுமாம். ஒரு மரக்கிளை குறுக்கே வந்தாலும் விட்டு விட்டு அறுந்துபோகும். முகாமில் நிழல் தரும் மரத்தடியை எல்லோரும் தேட, இவர் மட்டும் மரமே இல்லாத இடமாகப் பார்த்து ட்ரெய்லரை நிறுத்தி, மனைவியை வெயிலில் காயவைக்கிறார்.

ட்ரெய்லரிலிருந்தே வேலை பார்க்கிறாரே, பாவம் என்பார்கள். பலர் பார்க்கிறார்கள், உண்மை. ஆனால் தெளிவான வீடியோ கூட்டத்துக்கு நாலு எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். இவருக்கு 84 வருகிறது. நேற்று நின்ற இடத்தில் 112 வந்ததே என்று சாப்பாடு இறங்கவில்லை. புயல், சூறாவளி எச்சரிக்கைக்கு வேண்டாமா என்றால், அமெரிக்க அரசின் நோவா வானிலை ரேடியோ பேட்டரியில் ஓடும், சந்தா கிடையாது, 'வேகம் எவ்வளவு?' என்ற கேள்வியும் அதற்குக் கிடையாது. இன்னொரு காரணம் இருக்கிறது, அதைச் சிரித்துத் தள்ள முடியாது. வீட்டை விற்றவருக்குப் போன் நம்பர்தான் விலாசம். தபால் டெக்ஸாஸ் மாநிலத்து லிவிங்ஸ்டன் மாதிரியான ஊரில் இருக்கும் தபால் சேவைக்குப் போய், அங்கிருந்து இவரைத் துரத்திக்கொண்டு வரும். பாங்க் அனுப்பும் ஆறு இலக்க எண், டாக்டர் அனுப்பும் செய்தி, மகளின் குரல் எல்லாம் வருவது இந்தப் போனில்தான். கோடு மறைந்தால் வாசல் கதவு மறைந்த மாதிரி ஆகிவிடுகிறது மனுஷருக்கு. அந்தப் பதற்றம் புரிகிறது. பக்கத்து ட்ரெய்லர் விதவைக் கிழவியின் கூரையில் ஏறி, காசு வாங்காமல் ஆன்டெனா மாட்டிக் கொடுப்பவரும் இவரேதான். ஆனால் வாசல் கதவு இருக்கிறதா என்று நாளைக்குப் பத்துத் தடவை யாரும் போய் இடித்துப் பார்ப்பதில்லை.

சுதந்திரமாகச் சுற்றத்தானே கிளம்பினார் என்று கேட்கலாம். அவர் போகும் வழியைப் பாருங்கள். ஆறு, மலை, பழைய சிநேகிதன் வீடு எதுவும் அதைத் தீர்மானிப்பதில்லை. செல்போன் கம்பெனியின் கவரேஜ் வரைபடம் தீர்மானிக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பேங்க் என்று ஓர் ஊர். அங்குள்ள ரேடியோ தொலைநோக்கிகள் விண்வெளியின் முணுமுணுப்பைக் கேட்பதற்காக, 1958 முதல் அந்த வட்டாரத்தில் 13,000 சதுர மைலுக்கு ரேடியோ ஒலிபரப்புக் கட்டுப்பாடு. ஊருக்குள் செல்போன் எடுக்காது. பச்சை மலைகள், நல்ல காற்று. நம்மவர் அதைத் தொற்றுநோய் வந்த ஊர்போலச் சுற்றிக்கொண்டு போவார். குவார்ட்சைட்டுக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவார். அரிசோனாவில் அது இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அரசு நிலத்தில் தங்குவதற்குப் பல வருஷம் 180 டாலர்தான் வாங்கினார்கள்; ஆகவே ஜனவரியில் பாலைவனம் முழுக்க ட்ரெய்லர். டவரோ ஊருக்குக் கட்டியது. அங்கே போனில் நாலு கோடும் நிற்கும், ஒரு போட்டோகூட நகராது, ஏனென்றால் டவரின் கொள்ளளவு எல்லோருக்கும் பொது. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. மெதுவாக இருக்கிறது என்று இவர் டெஸ்ட் போடுகிறார். இருக்கிற கொஞ்சத்தையும் அது பத்து விநாடிக்கு உறிஞ்சுகிறது. அதனால் மெதுவாகிறது என்று நாலு ட்ரெய்லர் தள்ளி இன்னொருவர் டெஸ்ட் போடுகிறார். பிறகு இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து கம்பெனியைத் திட்டுகிறார்கள்.

விடியற்காலை நாலு மணிக்கு வேண்டுமானால் ஆசைதீர அளந்துகொள்ளுங்கள் ஐயா. சாயங்காலம் ஏழு மணிக்கு மட்டும் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். நீங்கள் ஆன்டெனா மாட்டிக் கொடுத்த அந்தக் கிழவி அப்போதுதான் பேத்தியோடு பேசுவார்.