கோதுமை வயலில் விழும் வட்டங்கள்: பலகை, கயிறு, மைல்மானி ஆகியவற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

தென் இங்கிலாந்தின் வில்ட்ஷயர், ஹாம்ப்ஷயர் பகுதிகளில் விளைந்து நிற்கும் கோதுமையோ பார்லியோ இரவோடிரவாக ஒரே திசையில் சாய்ந்து, விடிந்ததும் வட்டமாகக் காணப்படுவதே அறிஞர் வழக்கில் பயிர் வட்டம் எனப்படும். மாடு படுத்தெழுந்த இடமும் மழையில் சாய்ந்த கதிரும் ஏறத்தாழ இதே நிலையில் கிடப்பினும், அவற்றைக் காண எவரும் வண்டி பிடித்து வருவதில்லையாதலால் அவை இவ்வாய்வின் எல்லைக்குள் அடங்கா.

இத்துறையின் பழைய ஆவணமாக 1678ஆம் ஆண்டின் துண்டுப் பிரசுரம் ஒன்று காட்டப்படுவதுண்டு. ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ஓட்ஸ் அறுக்க வந்த ஆள் கேட்ட கூலி மிகுதியெனச் சினந்த விவசாயி, அதைவிடப் பேயே வந்து அறுக்கட்டும் என்று கூற, மறுநாள் காலை வயல் வட்ட வட்டமாக அறுபட்டுக் கிடந்தது என்கிறது அது. அறுத்தல் வேறு, சாய்த்தல் வேறு ஆகையால் இதனைப் பயிர் வட்டமெனக் கொள்ளுதல் பொருந்தாது. கூலித் தகராறுகளின் வரலாற்றில் இதற்கொரு பக்கம் ஒதுக்கலாம்.

1980களில் வானிலை ஆய்வாளர் டெரன்ஸ் மீடன் இவ்வட்டங்களுக்குக் காற்றுச்சுழலே காரணம் என்றார். பொறியாளர் பாட் டெல்காடோ அறியப்படாத ஓர் அறிவாற்றலின் செயல் என்றார். வேறு சிலர் நீரோட்டம் பார்க்கும் குச்சியோடு வயலில் இறங்கினர். இங்கேதான் இந்நிகழ்வின் தனித்தன்மை வெளிப்படுகிறது: காற்றுக் கொள்கை வலுப்பெற்றதும், காற்றால் இயலாத நேர்கோடுகளும் மூலைகளும் வயல்களில் தோன்றலாயின. ஆய்வாளர் எழுதுவதைப் படித்துத் திருந்திக்கொள்ளும் இயற்கை நிகழ்வு வேறெந்தத் துறையிலும் பதிவாகவில்லை.

1991 செப்டம்பரில் சௌதாம்ப்டனைச் சேர்ந்த டக் பவர், டேவ் சோர்லி என்னும் இரு முதியவர்கள் 1978 முதல் இதைச் செய்துவருவது தாங்களே என்று 'டுடே' நாளிதழுக்குத் தெரிவித்தனர். அவர்கள் பயன்படுத்திய கருவி விரிவாக நோக்கத்தக்கது: ஒரு பலகை, அதன் இரு முனைகளிலும் கட்டிய கயிறு. கயிற்றைக் கையில் பிடித்துப் பலகையின்மேல் காலூன்றி அடியடியாக நகர, முற்றாத தாள் ஒடியாமல் மடிந்து படுக்கும். தொப்பியின் முன்புறம் தொங்கவிட்ட கம்பி வளையத்தின் வழியே தொலைவிலுள்ள மரமொன்றைக் குறிபார்த்து நடந்தால் கோடு கோணாது. மருந்து தெளிக்கும் டிராக்டரின் சக்கரத்தடத்திலேயே வயலுக்குள் போய்வருவதால் காலடிச் சுவடும் இராது. சுவடு இல்லாமையே மனிதச் செயலன்று என்பதற்குத் தலையாய சான்றாக அதுவரை கருதப்பட்டது. இருவரும் நாளிதழுக்காகச் செய்த வட்டமொன்றை, விவரமறியாத டெல்காடோ பார்வையிட்டு உண்மையானதென்று சான்றளித்தார்.

எனினும் கண்டுபிடிப்பின் முதல் பெருமை அந்த நாளிதழுக்கு உரியதன்று. காரின் மைல்மானி அளவுக்கு மீறி ஓடியிருப்பதைக் கண்ட பவரின் மனைவி, கணவருக்கு வேறு பெண்ணோடு தொடர்பு எனச் சில ஆண்டுகள் முன்பே ஐயுற்றுக் கேட்டதில், கோதுமையுடனான தொடர்பு வெளிவந்தது. முடிவு பிழையாயினும் முறை சரியானது; துறையின் கருவிகளுள் சரியாக அளந்தது அதுவொன்றே.

பயிர்களை வடிவியல் முறையில் பாழ்படுத்தியமைக்காக இவ்விருவருக்கும் 1992இல் இயற்பியலுக்கான இக் நோபல் பரிசு, அதாவது நகைப்புக்குரிய ஆய்வுகளுக்கான நோபல், அறிவிக்கப்பட்டது. எல்லா வட்டங்களையும் இருவரே செய்திருக்க இயலாது என நம்பிக்கையாளர் மறுத்தனர். அது முற்றிலும் உண்மை. அதற்குள் பலகை வாங்கியவர் பலர். 1996இல் ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே 151 வட்டங்கள் கொண்ட சுருள் தோன்றியபோது, நிலத்துக்காரர் அதைக் காண வந்தவர்களிடம் கட்டணம் வசூலித்தார். நிமிர்ந்து நின்ற கோதுமையைவிடச் சாய்ந்தது நல்ல விலைக்குப் போயிற்றாதலால், மூலகாரணத்தைத் துருவும் அவசரம் அவருக்கு இருந்திருக்க வழியில்லை.