சாதுவான ஜீப்

ஓசூரில் பதினைந்து வருஷம் முடிந்த ஜீப்பை எஃப்.சி. காட்டுவது பெண் பார்க்கும் சடங்கு மாதிரிதான். என்ன, இங்கே நகைகளைக் கழற்ற வேண்டும். புல் பார், வின்ச், கூரைமேல் விளக்கு வரிசை எல்லாம் முந்தின ராத்திரியே மெக்கானிக் கடைப் பரணுக்குப் போய்விடும். தடி டயருக்குப் பதில் இரவல் டயர்.

குற்றம் சட்டத்தின் மேல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றாதே என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொன்னது. ஆனால் சொல்வது யாரிடம்? தெருவுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கும் ஊரிடம்!

கழற்ற முடியாதது, தூக்கி வைத்த ஸ்பிரிங். என் நண்பர் ஒருவர் தன் ஜீப்பின் பின்பக்கம் ஆறு சிமென்ட் மூட்டை ஏற்றி வண்டியைப் பணிய வைத்தார். (அந்த ஜீப் இதுவரை ஏறிய உச்சபட்ச மலை, சிப்காட் ஸ்பீட் பிரேக்கர்.) ஐந்து வருஷத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது. சாயங்காலமே நகையெல்லாம் திரும்பப் பூட்டியாயிற்று.

மூட்டைகளை இறக்கத்தான் மறந்துவிட்டார். அன்று ராத்திரி நல்ல மழை.