கேபி ஐந்து, மேகம் எட்டு

எங்கள் வீட்டுக்காரர் லண்டனில் கணக்காளர். எதன்மேலாவது ஆசை வந்துவிட்டால் அதற்கு எக்செல்லில் ஒரு பக்கம் திறப்பார். குளிர்காலத்தில் நோர்வேக்குப் போய் துருவ ஒளி பார்ப்பது என்று முடிவானதும் மூன்று பக்கம் திறந்தார்: சூரியனுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று, நிலாவுக்கு ஒன்று. செலவுக்கும் ஒன்று திறக்கச் சொன்னேன். "அதைப் பிறகு பாப்பம்" என்றார். கணக்காளர் வாயில் வரக்கூடாத வசனம்.

சூரியனின் பக்கத்தில்தான் மனிதர் குடியிருந்தார். 2024 ஒக்டோபரில், சூரியன் தன் 11 ஆண்டுச் சுழற்சியின் உச்சத்தை எட்டிவிட்டது என்று நாசா அறிவித்தது. உச்சத்திலும் அதையடுத்த சில ஆண்டுகளிலும் ஒளிக்குப் பஞ்சமில்லையாம். "இப்ப விட்டால் அடுத்த உச்சத்துக்கு 2035 மட்டில பாத்திருக்கோணும். அதுக்குள்ள உமக்கு முழங்கால் போயிடும்" என்றார். என் முழங்காலையும் எக்செல்லில் ஏற்றிவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு கேபி வந்தது. பூமியின் காந்தப்புலம் எவ்வளவு குழம்பிக் கிடக்கிறது என்பதை 0 முதல் 9 வரை சொல்லும் எண் அது. காலையில் தேத்தண்ணி கொடுத்தால், "இண்டைக்கு மூண்டு" என்பார். முதலில் சீனிக் கரண்டிக் கணக்கு என்றே நினைத்தேன். கேபி ஏறினால் இவர் முகம் மலரும். இறங்கினால் வீட்டில் துக்கம். இப்படிப் பல வாரம் ஓடியபின், நோர்வேயின் ட்ரொம்சோ நகரம் துருவ ஒளி தோன்றும் வளையத்துக்கு நேர் கீழே இருக்கிறது, அங்கே கேபி ஒன்றோ இரண்டோ இருந்தாலே போதும் என்று எங்கோ வாசித்தார். அன்று இரவு சாப்பிடவில்லை.

உண்மையான வில்லன் மேகம். ஒளி உண்டாவது நூறு கிலோமீட்டருக்கு மேலே. மேகமோ பத்துப் பன்னிரண்டுக்குள். வானிலைக்காரர்கள் வானத்தை எட்டாகப் பிரித்து, எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று சொல்வார்கள். கேபி ஐந்து, மேகம் எட்டு என்றால் மேலே கலியாண விருந்து அமளியாக நடக்கிறது, நாம் பூட்டிய கேற்றுக்கு வெளியே மொய்க்கவரோடு நிற்கிறோம்.

அதனால் சுவீடனில் இருக்கும் அபிஸ்கோ என்ற இடத்துக்குத் தாவினார். மேற்கே நிற்கும் மலைகள் கடல்மேகத்தைத் தடுத்துவிடுவதால் அங்கே வானம் அடிக்கடி வெளிக்குமாம். குளிர் எப்படி என்று கேட்டேன். இரவில் -20க்கும் கீழே போகலாம் என்று மெல்லிய குரலில் சொன்னார். எங்கள் வீட்டு உறைபெட்டியே -18தான். "அதுக்குள்ள கிடக்கிற றால் என்ன, வெளிச்சம் பாத்தே சந்தோசமாக் கிடக்கு?" என்று கேட்டதில் சுவீடன் கழன்று, மறுபடி ட்ரொம்சோ வந்தது. ட்ரொம்சோ வடதுருவ வட்டத்துக்கும் வடக்கே முந்நூற்றைம்பது கிலோமீட்டரளவில் இருந்தாலும், அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டம் கரையைத் தடவிக்கொண்டு போவதால் ஜனவரியில்கூடச் சராசரி -4 அளவில்தான் இருக்கும்.

எனக்குப் பிடிபடாதது ஒன்றுதான். விமானச் சீட்டை மாதக்கணக்கில் முந்தி எடுத்தால்தான் மலிவு. ஒளியைக் கொண்டுவரும் சூரியக்காற்று எப்படி வருகிறது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய செய்மதிகளோ பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நிற்கின்றன. காற்று அவற்றைத் தாண்டி நம்மிடம் வர ஏறக்குறைய ஒரு மணி நேரந்தான் பிடிக்கும். அதற்கு முந்திச் சொல்வதெல்லாம் சாத்திரம். இவர் சாதகம் பார்க்காதவர், கோயிலுக்குப் போனால் செருப்புக்குக் காவல் நிற்பவர். இப்போது நாள் தவறாமல் 27 நாள் சூரியப் பலன் பார்க்கிறார்.

இந்த நேரத்தில்தான் ஒஸ்லோ சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்கு வந்தவர். அந்தக் காலத்தில் வடகரையோர மீன் ஆலைகளில் நம்மவர்கள் பலர் வேலை செய்தார்கள். சித்தப்பாவும் ஃபின்மார்க்கில் மீன் வெட்டியவர். துருவ ஒளி பற்றி அவரிடம் பயபக்தியோடு கேட்டோம்.

"அதுவோ? இரவு வேலை முடிஞ்சு வரேக்குள்ள மேல நிக்கும்."

"பாத்து ரசிக்கேல்லையா சித்தப்பா?"

"நாங்கள் கீழதான் பாத்து நடப்பம். ஐஸில சறுக்கிக் கால் முறிஞ்சால் ஆர் பிள்ளை பாக்கிறது?"

ஒளியைப் பார்த்துச் சீட்டி மட்டும் அடிக்கக்கூடாது, அது இறங்கி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்பது அங்கத்தைச் சாமி என்ற பழங்குடி மக்களின் நம்பிக்கை என்றார். நம்மூரில் இரவில் சீட்டி அடித்தால் பாம்பு வரும். சீட்டி அடிப்பவனுக்குப் பூமியில் எங்குமே இடமில்லை.

இவர் விடவில்லை. நோர்வே விஞ்ஞானி கிறிஸ்டியான் பிர்க்லாண்டைப் பற்றிச் சித்தப்பாவுக்கே பாடம் எடுத்தார். 1899இல் மலையுச்சியில் ஆய்வுகூடம் கட்டியவர். காற்றை உறிஞ்சியெடுத்த கண்ணாடிப் பெட்டிக்குள் காந்த உருண்டையொன்றை வைத்து, அதன்மேல் மின்துகளைப் பாய்ச்சிக் குட்டித் துருவ ஒளியையே உண்டாக்கிக் காட்டியவர். (இதையே வீட்டில் செய்தால் செலவு மிச்சம் என்றேன். யாரும் கவனிக்கவில்லை.) அவருடைய முகம் 200 குரோனர் நோட்டில் இருந்தது. "இருந்தது மருமகன். 2017இல மாத்திப் போட்டாங்கள். இப்ப அதில கொட் மீன்" என்றார் சித்தப்பா. குரலில் ஒரு பழைய தொழிலாளியின் பெருமிதம்.

கடைசியில் மார்ச் மாதத்துக்குச் சீட்டு எடுத்தாயிற்று. சம இரவு நாளையொட்டிக் காந்தப்புலம் கொஞ்சம் கூடுதலாகக் குழம்பும் என்பது இவர் காரணம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை அங்கே சூரியன் எழும்பாது, பகலில் என்னதான் செய்வது என்பது என் காரணம். உடம்போடு ஒட்டிய உடுப்பு பருத்தியாக இருக்கக்கூடாதாம். வியர்வையைப் பிடித்து வைத்துக் குளிரும். எல்லாம் கம்பளி. விலையைப் பார்த்தபின் செலவுக்கான நாலாவது பக்கத்தை அவரே திறந்தார்.

சித்தப்பாவும் ஒஸ்லோவிலிருந்து வருகிறேன் என்றிருக்கிறார். ஆனால் குளிரில் வந்து நிற்கமாட்டாராம், ஹோட்டலில் படுத்திருப்பாராம். துருவ ஒளியில் பச்சை சாதாரணம். இருநூறு கிலோமீட்டருக்கும் மேலே உண்டாகும் சிவப்பு, கண்ணுக்கு நன்றாகத் தெரியுமளவுக்கு வருவது அருமை. "பச்சைக்கு என்னை எழுப்பக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவர் எக்செல்லில் ஐந்தாவது பக்கம் திறந்திருக்கிறார்: எந்தக் கேபிக்குச் சித்தப்பாவை எழுப்பலாம்.