உப்பு ஏன் நீர்க்கிறது?

பாலில் கலந்த தண்ணீரை அன்னப்பறவை பிரித்துவிடுமாமே? (மாணவி, மன்னார்குடி)

பறவையால் ஆகாது, எலுமிச்சம்பழத்தால் ஆகும். கொதிக்கும் பாலில் பிழிந்து பாருங்கள். புரதமும் கொழுப்பும் ஒரு பக்கம் திரளும், வெளிறிய பச்சை நீர் ஒரு பக்கம் ஒதுங்கும். புலவர்கள் அன்னத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ரசகுல்லாக்காரர் பிரித்து, உருட்டி, பாகில் போட்டு விற்றும்விட்டார்.

அப்படியானால் பால் கரைசல் இல்லையா? (அதே மாணவி)

விடமாட்டீர்கள் போலிருக்கிறது, நல்லது. பால் கூழ்மம். ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டுப் பால் விட்டு, இருட்டில் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். ஒளி போகும் பாதை கோடாகத் தெரியும். உப்புத் தண்ணீரில் தெரியாது. டிண்டால் விளைவு என்று பெயர். டூரிங் கொட்டகையில் பீடிப் புகையின் உபயத்தில் எங்கள் தலைமுறை தினமும் பார்த்தது.

கலவைக்கும் சேர்மத்துக்கும் வித்தியாசத்தை எட்டாம் வகுப்புக்கு எப்படிச் சொல்வது? (ஆசிரியை, தேனி)

ஒரு பொட்டலம் மிக்சர் வாங்கிப் போங்கள். அதில் ஓமப்பொடி ஓமப்பொடியாகவே இருக்கிறது, கடலை கடலையாகவே இருக்கிறது. யாரோ ஒரு பையன் முந்திரியை மட்டும் பொறுக்கிவிடுவான். அவனைத் திட்டாதீர்கள், கலவையைப் பிரித்துக் காட்டியவன் அவன்.

பிறகு உப்பைக் காட்டுங்கள். சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடித்துச் சீறும். குளோரினை 1915-ல் ஈப்ரே போர்க்களத்தில் ஆட்களைக் கொல்லத் திறந்துவிட்டார்கள். இந்த இரண்டு ரௌடிகளும் கூடினால் ரசத்துக்கு உப்பு. குணம் அடியோடு மாறினால் சேர்மம்.

பட்டாசு மருந்து எந்த ரகம்? (சிவகாசி)

பழைய கருமருந்தில் வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. திரி பற்றும் வரை கலவை.

மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் தண்ணீர் கட்டுகிறதே, ஏன்? (தூத்துக்குடி)

தூத்துக்குடியிலிருந்தே உப்புக்குக் கேள்வியா! சொல்கிறேன். முதல் குற்றவாளி உப்பு அல்ல, கூடவே ஒட்டிக்கொண்டு வந்த மக்னீசியம் குளோரைடு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டும்வரை சுத்தமான சோடியம் குளோரைடு அசையாது. மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும்.

உங்கள் ஊர் உப்பளத்தில் கேளுங்கள், இன்னும் நன்றாகச் சொல்வார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள். எல்லாம் ஒரே சமயத்தில் வெளியே வருவதில்லை. நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு படியும், அப்புறம் ஜிப்சம், அதற்கும் பிறகே சாப்பாட்டு உப்பு. மக்னீசியம் கடைசி ஆள். அதனால் உப்பு விளைந்ததும் மிச்சமிருக்கும் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் இன்னும் கொஞ்சம் வற்றட்டும் என்று பேராசைப்பட்டால், அந்தப் பேராசை உங்கள் ஜாடியில் சொட்டும்.

ஒரு கலவையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக நாலு பொருளைப் பிரிப்பது வேதியியலில் உயர்ந்த வேலை. அதை வெயிலையும் பாத்தியையும் மட்டும் வைத்துக்கொண்டு, கண் கூசும் வெள்ளையில் வெறுங்காலோடு நின்று செய்கிறார்கள். ஒரு கிலோ பாக்கெட்டின் விலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உலையில் உப்புப் போட்டால் சீக்கிரம் வேகுமா? (விழுப்புரம்)

ஒரு கிலோ தண்ணீரில் 58 கிராம் உப்புப் போட்டால் கொதிநிலை ஏறுவது ஒரே ஒரு டிகிரி. சோற்றை வாயில் வைக்க முடியாது. டிகிரிதான் வேண்டுமென்றால் குக்கர் வாங்குங்கள், 120 வரை போகும்.

லாக்டோமீட்டர் பொய் சொல்லுமா? (பால் சங்க உறுப்பினர், ஈரோடு)

சொல்லாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். அதனிடம் நாம் கேட்பது அடர்த்தியை. தண்ணீர் ஊற்றினால் அடர்த்தி குறையும், ஏட்டை எடுத்தால் கூடும். இரண்டையும் கணக்காகச் செய்தவருக்கு அது ‘சுத்தமான பால்’ என்று சான்றிதழ் கொடுத்துவிடும். கொழுப்பையும் அளக்கச் சொல்லுங்கள், திருடன் மாட்டுவான்.

ஐம்பதும் ஐம்பதும் நூறுதானே? (திருச்சி)

50 மில்லி தண்ணீரோடு 50 மில்லி எத்தனாலைச் சேருங்கள்: சுமார் 96 மில்லி. எடை குறையவில்லை, இடம்தான் குறைந்தது. பாசஞ்சர் வண்டியில் ‘கொஞ்சம் தள்ளி உட்காருங்க’ என்ற பிறகு நடப்பது இதுதான்.

ஆரத்தி சிவப்பாவது பௌதிக மாற்றமா, வேதியியல் மாற்றமா? (கும்பகோணம்)

வேதியியல். மஞ்சளின் குர்குமின், சுண்ணாம்பின் காரம் பட்டுச் சிவக்கிறது. கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சள். ‘வேதியியல் மாற்றம் மீளாது’ என்று எழுதி மார்க் வாங்கியவர்கள் தட்டோடு வாசலுக்கு வரவும்.

கற்பூரத்தோடு மிளகு போட்டு வைத்தால் கரையாதாமே? (மதுரை)

கற்பூரம் கரைவதில்லை, பதங்கமாகிறது. திடத்திலிருந்து நேரே ஆவி. மிளகைவிட இறுக்கமான மூடி நல்லது.

22 காரட்டுக்கு ஏன் 916 என்று முத்திரை? (கோவை)

24 பங்கில் 22 பங்கு தங்கம். வகுத்தால் ஆயிரத்துக்கு 916 சொச்சம். மீதி செம்பு, வெள்ளி. சொக்கத் தங்கம் மெத்தென்று இருக்கும், வளையல் வளைந்துவிடும். அந்நிய அணுக்கள் நடுவில் புகுந்துகொண்டால் தங்க அணுக்கள் அடுக்கடுக்காக வழுக்க முடியாது. கெட்டியாகிவிட்ட கரைசல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சேதாரம் எந்த விதியில் வருகிறது? (அவரே, பின்குறிப்பில்)

பொருள் அழியாது என்று லவாய்சியே 1789-லேயே எழுதிவிட்டார். எங்கே போயிற்று என்று கடையில் கேளுங்கள்.

‘கெமிக்கல் இல்லாத சோப்பு’ வாங்கலாமா? (தாம்பரம்)

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கூடிப் பிறந்த பிள்ளைதான் சோப்பு. பெற்றோர் பெயரை மறைக்கிற இடத்தில் சம்பந்தம் வேண்டாம்.

உள்ளங்கையில் உருகும் உலோகம் உண்டா? (மாணவன், வேலூர்)

காலியம். 29.8 டிகிரியில் உருகும். யாரும் பார்க்குமுன்பே, 1871-ல், மெண்டலீவ் அதன் குணங்களை எழுதி, சமஸ்கிருத ‘ஏக’வை ஒட்டவைத்து ‘ஏக அலுமினியம்’ என்று பேரும் வைத்தார். 1875-ல் பிரான்சில் லெகோக் அதைக் கண்டுபிடித்து, அடர்த்தி 4.7 என்றார். ரஷ்யாவிலிருந்து கடிதம் வந்தது: 5.9 பக்கம் இருக்க வேண்டும், சுத்தப்படுத்தி மறுபடி அளக்கவும். அளந்தார். 5.9.

உருக்கிப் பார்க்க ஆசையா? வேலூரில் மே மாதம் உள்ளங்கைகூட வேண்டாம்.