வருமான வரி இல்லாத ஊர்

கேள்வி: கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் என் மகன், மாநில வருமான வரியே இல்லாத டெக்சாஸுக்குக் குடிபோகிறேன் என்கிறான். லாபம்தானே?

பதில்: சம்பளச் சீட்டில் லாபம்தான். கலிபோர்னியா உச்சபட்சமாக 13.3 சதவீதம் வரை பிடிக்கும். டெக்சாஸ் சல்லிக்காசு கேட்காது. ஆனால் அங்கே வீடு வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்! பள்ளிக்கூடம், கவுண்டி, நகராட்சி என்று ஆளுக்கொரு பங்கு கேட்டுச் சொத்து வரி வாசலில் நிற்கும். கலிபோர்னியாவிலோ, 1978-ல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த சட்டப்படி அடிப்படைச் சொத்து வரி 1 சதவீதம்தான். கைமாறாத வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. பழைய வீட்டுக்காரர்கள் பலர் அங்கிருந்து நகர மறுப்பது சும்மா இல்லை. மகனுக்குப் பெரிய சம்பளமென்றால் தாராளமாகப் போகட்டும். நடுத்தரச் சம்பளமும் பெரிய வீட்டு ஆசையும் என்றால், முன்பணம் கொடுக்குமுன் அந்த வீட்டின் போன வருட வரி ரசீதைக் கேட்டு வாங்கட்டும்.