‘எய்ன்ட்’ முதலிய வழுக்களின் குலமுறை விசாரணை

ஆங்கிலேயர்கள் தங்கள் வாய்ப்பேச்சில் தங்கள் இலக்கணத்தையே ஏன் மதிப்பதில்லை என்னும் வினா, உலக க்ஷேமத்தோடு எவ்வித சம்பந்தமும் இல்லாததாதலால், பண்டிதர்களின் தீவிர ஆராய்ச்சிக்கு முற்றிலும் உகந்ததாகும். பூர்வபக்ஷம் பேசுவோர், கல்வியின்மையே காரணமென்று ஒரே வார்த்தையில் தீர்த்துவிடுவர். குற்றம் முந்தியதா, சட்டம் முந்தியதா என்று விசாரியாமல் தண்டனை விதிப்பது நியாயமாகாது.

எதிர்மறை இரண்டு சேர்ந்தால் உடன்பாடாகும் என்ற விதி, பின்னாளில் லண்டன் பிஷப்பாக விளங்கிய ராபர்ட் லௌத் 1762-இல் வெளியிட்டுப் பின்னர் திருத்திய இலக்கண நூலின் வாயிலாகப் பள்ளிக்கூடங்களில் வேரூன்றியது. இவ்விதிப்படி, தேநீர்க் கடையில் ‘ஐ டோன்ட் வான்ட் நத்திங்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் லண்டன்வாசிக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கை நம்பி அவர் முன் ஒரு கோப்பையைக் கொண்டுவந்து வைத்த பரிசாரகர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் சாஸர் என்னும் மகாகவி, காண்டர்பரிக் கதைகளின் முகவுரையில், யாரிடத்தும் தகாத சொல் பேசியறியாத உத்தம வீரர் ஒருவரை அறிமுகப்படுத்துகையில், இரண்டே அடிகளில் நான்கு எதிர்மறைகளை அடுக்கியிருக்கிறார். நான்கு இரட்டைப்படை எண்ணாதலால், பிஷப்பின் கணிதம் அந்த உத்தமரை ஊர்முழுதும் வசைபாடித் திரிந்தவராக்கிவிடுகிறது.

இனி, ‘எய்ன்ட்’ என்னும் பிரசித்தி பெற்ற குற்றவாளியின் பூர்வோத்தரத்தைக் கவனிப்போம். ‘ஆம் நாட்’ என்பது ‘ஆமன்ட்’ என்று சுருங்க, மகரமும் னகரமும் நெருங்கி நிற்பதைப் பொறாத நாவானது மகரத்தை உதிர்த்துவிட, எஞ்சிய ‘ஆன்ட்’ 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில நாடகங்களில் தலைகாட்டலாயிற்று. இதற்குப் புதல்வர் இருவர். உயிரெழுத்துத் திரிந்து ‘எய்ன்ட்’ ஆனவன் தெருவோடு போனான்; மற்றவனோ, தென் இங்கிலாந்தார் அவ்விடத்து ரகரத்தை உச்சரிப்பதில்லை என்ற சௌகரியத்தைப் பற்றிக்கொண்டு, பழைய ஒலியை வைத்துக்கொண்டே எழுத்தில் மட்டும் ஒரு ரகரத்தைத் தரித்து, ‘ஆர்ன்ட்’ என்ற திருநாமத்தோடு கனவான்களின் விருந்து மேஜையில் அமர்ந்துவிட்டான். ‘ஐ ஆர்’ என்று எவரேனும் சொல்லக் கேட்டால் மூர்ச்சையடையக்கூடிய சீமாட்டியே, ‘ஆர்ன்ட் ஐ?’ என்று தன்னொருத்திக்குப் பன்மை வினையைப் பூட்டிக் கூசாமல் கேட்கிறாள். நம் இலக்கணிகளாயிருந்தால் வழுவமைதியென்று பெயரிட்டு இவ்வழக்கை அன்றே பைசல் செய்திருப்பர். ஆங்கில ஆசிரியர்களோ மூத்தவனுக்குப் பிரம்பும் இளையவனுக்கு நாற்காலியும் கொடுத்தனர்.

விதிக்கு அணுவளவும் பிசகாத ‘ஆமன்ட் ஐ?’ மாண்டுபோய்விடவில்லை, ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் சௌக்கியமாகவே இருந்துவருகிறது. லண்டன் கனவான்கள் அதைக் கேட்க நேர்ந்தால், நாட்டுப்புறத்தார் பிழையென்று சொல்லி மன்னித்துவிடுகிறார்கள்.